நாக்கில் வந்த கட்டியும் நண்டுக் கூடையும்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அது தெரியும், வீட்டில் அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் வேலை நேரத்தில் என் வீட்டுக்காரர் ஆய்வகப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டார். அன்றைக்கு முற்பகலில் மனுஷன் திடுதிப்பென்று கதவருகே வந்து நின்றார். சத்தம் போடலாம் என்று வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டேன். பேயறைந்த மாதிரி இருந்தார். கையில் பெரிய ஆஸ்பத்திரியின் உறை ஒன்று இருந்தது.

"அக்காவுக்கு நாக்குல கேன்சராம்," என்றார். "வர்ற வாரம் ஆபரேஷன்."

அவருடைய அக்கா எனக்கு அண்ணி. துறைமுகத்து மீன் ஏலக்கூடத்தில் ஏலம் விடுவதுதான் அண்ணியின் தொழில். ஒரு பெண்பிள்ளை ஏலம் விடுவதா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள் எல்லாம் இப்போது அவர் வாயைப் பார்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஒரே மூச்சில் கூடையின் எடை, மீனின் தரம், கேட்ட விலை, அடுத்த விலை என்று வந்து விழும். ஓர் எழுத்து பிசகாது. ஐஸ் உடைக்கிற சத்தத்துக்கும் படகு மோட்டாருக்கும் அத்தனை பேர் கூச்சலுக்கும் மேலே அந்தக் குரல் கேட்கும். யாரோ மைக் வாங்கிக் கொடுத்தபோது, எனக்கென்ன தொண்டை இல்லையா என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்ட வீட்டில், தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அந்த நாக்குதான்.

இத்தனை புகழ் பாடுகிறேனே என்று நாங்கள் இருவரும் ஒட்டி உறவாடுகிறவர்கள் என எண்ணிவிட வேண்டாம். நாங்கள் நேருக்கு நேர் பேசிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன.

நான் வாயில் வரும் நோய்களைத் திசுவில் பார்த்துச் சொல்கிற டாக்டர். நோயாளி என்னிடம் வர மாட்டார். அவரிடமிருந்து வெட்டி எடுத்த துணுக்குதான் வரும். அதை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயமேற்றினால் நான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து இன்ன நோய் என்று எழுதுவேன். அண்ணிக்கு இந்த வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "ஊசி போடாத டாக்டர், மாத்திரை எழுதாத டாக்டர், நோயாளியைக் கண்ணால பார்க்காத டாக்டர்" என்றுதான் சொந்தக்காரர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

ஆனால் பேச்சு நின்றது அதனால் இல்லை, ஒரு கூடை நண்டால். ஏலக்கூடத்தில் விலை கேட்கிறவர் வாயைத் திறக்கத் தேவையில்லை, கையை நெற்றி வரைக்கும் தூக்கினால் போதும். இதை எனக்கு ஒருவரும் சொல்லித் தொலைக்கவில்லை. ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவள், மூக்கில் வழுக்கிய கண்ணாடியை மேலே தள்ளக் கையைத் தூக்கினேன். அண்ணிக்குத் தெரியாதா என்ன, நான் எதற்குத் தூக்கினேன் என்று? தெரிந்தேதான் செய்தார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், நம்ம டாக்டரம்மாவுக்கு என்று முடித்துவிட்டார். உயிரோடு நகர்கிற நண்டுகள் ஒரு கூடை நிறைய என் காலடியில் வந்து இறங்கின. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டேன்.

அந்தக் கூடத்தில் மூன்றாவது தரம் சொன்ன கூடையை வேண்டாம் என்று யாரும் விட்டுப் போனதில்லையாம். தன் வாக்கை நடுக்கூடத்தில் போட்டு மிதித்துவிட்டேன் என்றார் அண்ணி. என்னை நடுக்கூடத்தில் கோமாளி ஆக்கிவிட்டார் என்றேன் நான். அன்றிலிருந்து ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும் எங்கள் பேச்சு என் வீட்டுக்காரர் வழியாகத்தான் போகும். குழம்பில் உப்பு கம்மி என்று அவளிடம் சொல்லு என்பார் அண்ணி. வேண்டுமானால் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள் என்பேன் நான். மனுஷன் நடுவில் தபால்காரராகத் தேய்ந்துபோனார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உறையைப் பிரித்துப் படித்தேன். நாக்கின் மேல்தோலில் பிறந்த புற்றுநோய் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்து பெரிய ஆஸ்பத்திரிப் பேராசிரியருடையது. இந்தத் துறையில் அவர் கையெழுத்துக்கு மறுபேச்சு கிடையாது. நாக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, நோய் பரவியிருக்கிறதா என்று கழுத்தையும் திறந்து பார்ப்பதாகச் சர்ஜன் சொல்லியிருந்தார்.

அன்று மாலையே அண்ணி வீட்டுக்குப் போனோம். முன்னறையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எப்போதும் வாசலுக்கு வரும்போதே காதில் விழுகிற குரல் அன்றைக்கு இல்லை. கட்டி வந்து பல மாதம் ஆகிறது, கடைவாய்ப் பல் உராய்ந்து தடித்திருக்கிறது என்று நினைத்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏலத்தில் வார்த்தை குழறத் தொடங்கி, பின்வரிசையில் ஒருவன் கேலி செய்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்.

ஆபரேஷனுக்குப் பிறகு பேச்சு எப்படி இருக்கும் என்று சர்ஜனிடம் கேட்டாராம். பேசலாம், வீட்டில் இருப்பவர்களுக்குப் புரியும் என்று அவர் சமாதானம் சொல்லியிருக்கிறார்.

"வீட்டு மனுஷங்களுக்கு மட்டும் புரிஞ்சா, நான் எப்படிடா தம்பி ஏலம் விடுறது?" என்று சுவரிடம் கேட்டார் அண்ணி.

அந்தக் குரலில் நான் பயத்தைக் கேட்டதே இல்லை. இவரோடு எனக்கு ஆயிரம் இருக்கட்டும், இந்த வாயை யாராவது அடைப்பதென்றால் அது நானாகத்தான் இருக்க வேண்டும், ஒரு கத்தி அடைக்கக் கூடாது என்று தோன்றியது. கையுறையை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன்.

"வாயைத் திறக்கச் சொல்லுங்க," என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"இவ பார்த்து என்ன பண்ணப் போறான்னு கேளு," என்றார் அண்ணி. ஆனாலும் திறந்தார்.

நாக்கின் வலது ஓரத்தில் கொண்டைக்கடலை அளவில் இருந்தது. மேலே புண் இல்லை, ரத்தம் இல்லை. தோல் கொஞ்சம் வெளுத்துச் சொரசொரவென்று இருந்தது. பயாப்ஸிக்குத் துணுக்கு எடுத்த இடம் ஆறியிருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். கட்டி தோலில் இல்லை, தோலுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. மேல்தோலில் பிறந்த புற்று இத்தனை மாதம் வளர்ந்தும் மேலே புண்ணாகாமல் இருக்கிறதா? எனக்கு எங்கேயோ இடித்தது.

இன்னொரு முறை, இன்னும் ஆழமாக ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கலாம் என்று தபால்காரர் வழியாகச் சொல்லிப் பார்த்தேன். முடியவே முடியாது என்று பதில் வந்தது. முதல் தடவை மரத்துப்போவதற்கு முன்பே வெட்டிவிட்டார்களாம். இனி வாயைத் திறந்தால் ஆபரேஷன் மேஜையில்தான், அதுவும் மயக்கம் கொடுத்த பிறகுதான் என்றார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதான். மூன்றாவது தரம் மாதிரி.

ஆக, இருந்தது அந்த ஒரே ஒரு துணுக்கு. முதலில் ஆஸ்பத்திரியிலிருந்து அதன் கண்ணாடி ஸ்லைடை வாங்கி வந்தேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. நாக்கின் மேல்தோல் தடித்து, வேர் விட்ட மாதிரி கீழே கீழே இறங்கியிருந்தது. யார் பார்த்தாலும் புற்று என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பெரிதாக்கிப் பார்க்கப் பார்க்க, அந்தச் செல்கள் படு ஒழுங்காக இருந்தன. கோணல் மாணலாக ஒன்றும் இல்லை. கண்டபடி பெருகுகிற அவசரம் இல்லை. போக்கிரி வேஷம் கட்டிய பரம சாது!

தகட்டை மெல்ல நகர்த்திக்கொண்டே போனேன். துணுக்கின் அடிவிளிம்பில், திசு முடிகிற இடத்தில், ஏழெட்டுச் செல்கள் வேறு மாதிரி இருந்தன. பெரிதாக, வெளிர் சிவப்பாக, உள்ளே பொடி மணலை வாரி நிரப்பியதுபோல் குறுகுறுவென்று. எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்துவிட்டது.

வாயில் அபூர்வமாக ஒரு கட்டி வரும். மணல் மணலாக இருக்கும் செல்களால் ஆனது. நாக்கு முழுக்கத் தசை என்பதால், முதன்முதலில் கண்டவர்கள் இது தசையில் பிறந்தது என்று நினைத்து அப்படியே பெயரும் வைத்தார்கள். பிற்பாடுதான் உண்மை தெரிந்தது. தசைக்கு நடுவே ஓடும் நரம்பு இழைகளைச் சுற்றிப் போர்த்தியிருக்கிற செல்கள்தான் இதற்கு மூலம். இது பெரும்பாலும் ஆளைக் கொல்லாத கட்டி. முழுசாக எடுத்துவிட்டால் தீர்ந்தது. இதில் ஒரே ஒரு கண்ணி உண்டு. இது தோலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தால் மேல்தோல் தடித்து, வேர் வேராகக் கீழே இறங்கி, புற்று மாதிரியே வேஷம் போடும். துணுக்கை மேலாக மட்டும் கிள்ளிவிட்டால் வேஷம் மட்டுமே தெரியும், அடியில் இருப்பது தெரியாது.

இது எனக்கும் தெரியும், பேராசிரியருக்கும் தெரியும். ஆனால் வாழ்நாளில் எப்போதோ ஒருமுறை வருவது. ஏழெட்டுச் செல்களை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்பு எழுத முடியாது. மீதித் திசு மெழுகுக்குள் இருந்தது. அந்த மெழுகுத் துண்டை நாங்கள் பிளாக் என்போம். அது பேராசிரியரின் அலமாரியில் இருந்தது.

மறுநாள் காலை அவர் அறைக்குப் போனேன். ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனுஷர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்றார். நாத்தனார் என்றேன். அப்படியென்றால் நீங்கள் இந்த ஸ்லைடைத் தொடவே கூடாது, ஆசைப்படுகிற கண்ணுக்கு ஆசைப்பட்டதுதான் தெரியும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அவர் சொன்னது நியாயம். கோபத்தை விழுங்கினேன்.

"நான் பார்க்கலை சார். நீங்க பாருங்க," என்றேன். "பிளாக்கை உருக்கி, துணுக்கைத் திருப்பி வச்சு, திரும்ப வெட்டுங்க. நீங்களே பார்த்து என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

இருப்பது ஒரே துணுக்கு, அரிசியளவுகூட இல்லை. உருக்கும்போது நழுவினாலோ, திருப்பும்போது உடைந்தாலோ, நோய் என்ன என்று சொல்ல ஒரு சாட்சியும் மிஞ்சாது. அப்புறம் பழைய ரிப்போர்ட்தான் பேசும், அண்ணியின் நாக்கு போகும். அது எனக்கும் தெரியும். பேராசிரியர் எழுந்து, பழைய ஸ்லைடை இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். அடிவிளிம்புக்கு வந்ததும் அங்கேயே வெகுநேரம் நின்றார். பிறகு டெக்னீஷியனைக் கூப்பிட்டு பிளாக்கை எடுத்துவரச் சொன்னார்.

மெழுகை உருக்கும்போது மூன்று பேரும் மூச்சுவிடாமல் நின்றோம். டெக்னீஷியன் சூடான இடுக்கியால் துணுக்கை மெல்லத் தூக்கினார். அப்போதுதான் சங்கதி தெரிந்தது. துணுக்கைச் சாய்வாகப் படுக்கவைத்துப் பதித்திருந்தார்கள், மேல்தோல் பக்கம் கத்தியைப் பார்க்கும்படி. கத்தி சீவியது பெரும்பாலும் மேல்தோலைத்தான், அடித்திசு ஓரத்தில் துளிதான் சிக்கியிருந்தது. கூரையை மட்டும் சீவிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். பேராசிரியரின் காது சிவந்தது. துணுக்கை நிமிர்த்தி, விளிம்பில் நிற்கவைத்துப் பதிக்கச் சொன்னார்.

புது ஸ்லைடில் மேலிருந்து கீழ்வரை எல்லாமே தெரிந்தது. மேலே வேஷம் போட்ட தோல். அது ஒரு மட்டத்தோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழே தசை நார்களுக்கு நடுவில் கூட்டம் கூட்டமாக அந்த மணல் செல்கள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர் கையைக் காட்டி அடக்கினார். மணல் மணலாக இருக்கிற செல் எல்லாம் ஒரே குலம் இல்லை, தசையிலும் வரும், வேறு இடத்திலும் வரும். நரம்புப் போர்வையில் பிறந்ததா என்று நிரூபித்தால்தான் கையெழுத்தை மாற்றுவேன் என்றார். அதற்கென்று ஒரு சாயம் உண்டு. நரம்பைப் போர்த்தும் செல்லில் இருக்கிற ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்துப் பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும். அதைப் போட ஏற்பாடானது.

அந்த ஸ்லைடு வந்த அன்று நான் அவர் எதிரே, இரட்டை மைக்ரோஸ்கோப்பின் இன்னொரு குழாயில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தேன். பழுப்பு இல்லை. எங்கேயுமே இல்லை. எல்லாம் பின்னணிக்குப் போடும் வேறு சாயத்தின் வெளிறிய நீலமாக, துவைத்த துணிபோல் கிடந்தது. சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கூடவே போட்ட சோதனை ஸ்லைடில் அது நன்றாகவே பிடித்திருந்தது. அதனால் சாயத்தையும் குறை சொல்ல முடியாது. இது வேறாக இருக்கலாம் என்று வீட்டில் நம்பிக்கை கொடுத்துவிட்டேனே, இப்போது எந்த முகத்தோடு அண்ணியின் முன்னறைக்குள் போவேன்? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டேன்.

"உக்காருங்க," என்றார் பேராசிரியர். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. "இந்த மூலையில என்ன இருக்கு, சொல்லுங்க."

திரும்பி வந்து பார்த்தேன். மூலையில், தசைக்கு நடுவே, ஒரு சின்ன நரம்புக் கிளை.

"நரம்பு, சார்."

"நரம்புன்னா பழுப்பாத்தானே இருக்கணும்? அதுவே நிறம் பிடிக்கலையே," என்றார். "அப்ப இந்த ஸ்லைடு கட்டியைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. சாயம் இது மேல விழவே இல்லைன்னுதான் சொல்லுது."

அப்படித்தான் ஆகியிருந்தது. தகடு சாய்ந்து, சாயத் துளி ஓரமாக வழிந்து, திசுவை நனைக்காமலே காய்ந்துபோயிருக்கிறது. கோபக்காரிக்கு அது தெரியவில்லை. எந்தக் கையெழுத்தை நான் அடிக்க வைக்கப் போனேனோ, அந்தக் கையெழுத்துக்காரர்தான் விடாமல் உட்கார்ந்து கண்டுபிடித்தார். அவர் காலில் விழாத குறை எனக்கு.

இரண்டாம் தடவை சாயம் போடும்போது, அவரே பக்கத்தில் நின்று தகட்டைச் சமமாக வைத்தார். நான் பார்க்க மாட்டேன் என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்து பாருங்கள் என்றார்.

மூலையில் அந்த நரம்பு பழுப்பாக ஜொலித்தது. அதைச் சுற்றிலும், தசைக்கு நடுவிலும், தோலின் அடி வரைக்கும், ஒவ்வொரு மணல் செல்லும் அதே பழுப்பு. தாயும் பிள்ளையும் ஒரே ஜாடை. எங்கே பிறந்தோம் என்று அவையே வாயைத் திறந்து சொல்லிவிட்டன. மேலே வேர் விட்டு மிரட்டிக்கொண்டிருந்த தோல் மட்டும் சாயம் ஏறாமல் நீலமாக நின்றது. அதற்கும் இந்தக் கட்டிக்கும் பிறப்பில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

ஜெயித்துவிட்டோம் என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். பெரியவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பழைய ரிப்போர்ட்டை எடுத்து, தன் கையெழுத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்து, புற்றுநோய் இல்லை என்று புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். என் எதிரிலேயே சர்ஜனுக்குப் போன் செய்து, தவறு என்னுடையது, கட்டியை மட்டும் எடுங்கள், நாக்கை விட்டுவிடுங்கள் என்றார். எந்த மழுப்பலும் இல்லை. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றுவரை குறையவில்லை.

ஏலக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அண்ணி வீட்டுக்கு நான் தனியாகத்தான் போனேன். தபால்காரர் ஆபீசில் இருந்தார். அண்ணி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, என் பின்னால் தம்பி வருகிறானா என்று எட்டிப் பார்த்தார். யாரும் வரவில்லை. இருவரும் ஒரு கணம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றோம்.

"கேன்சர் இல்லை அண்ணி," என்றேன். "நாக்கை அறுக்க வேண்டாம்."

அவர் அப்படியே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை அடங்கியதும் முதல் கேள்வியே அதட்டலாக வந்தது. அப்படியானால் இந்தக் கட்டி எங்கிருந்துதான் வந்தது என்றார். சொன்னேன். நாக்குக்குள் நரம்பு ஓடுகிறது, அதைப் போர்த்திக்கொண்டு சில செல்கள் இருக்கின்றன, அதில் பிறந்தது. சத்தம் போடாமல் அடியில் உட்கார்ந்திருந்தது. மேல்தோல்தான் தேவையில்லாமல் ஆர்ப்பாட்டம் பண்ணி எல்லோரையும் பயமுறுத்திவிட்டது.

"எங்க கூடத்துலயும் அப்படித்தான்," என்றார் அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வாங்கறவன் பின்னால சத்தமில்லாம நிப்பான். சும்மா வந்தவன்தான் முன்னால நின்னு கத்துவான்."

எத்தனையோ பாடம் நடத்தியிருக்கிறேன், இத்தனை சுருக்கமாக நான் சொன்னதில்லை. பிறகு அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. கையெழுத்துப் போட்ட அந்தப் பெரிய டாக்டர் இதை ஒத்துக்கொண்டாரா என்றார். அவரேதான் அடித்துவிட்டு மாற்றி எழுதினார் என்றேன்.

"எங்க தொழில்ல மூணு தரம் சொன்னா சொன்னதுதான். உங்க தொழில்ல திருப்பி எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாம் அண்ணி. அதுக்குப் பெரிய மனசு வேணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நண்டைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் பேசவில்லை. காபி குடிக்கிறாயா என்று கேட்டார், என்னிடமே.

கட்டியைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து எடுத்துவிட்டுச் சில தையல் போட்டார் சர்ஜன். எடுத்த கட்டியின் ஓரங்கள் எல்லாம் சுத்தமாக இருப்பதாகப் பேராசிரியரே பார்த்து எழுதிக்கொடுத்தார். தையல் ஆறும்வரை பேசக் கூடாது என்று உத்தரவு. அந்த நாட்களில் அண்ணி எங்கள் வீட்டில்தான் இருந்தார். பேசாமல் இருந்தார் என்றுதான் பெயர். கரண்டியால் மேஜையில் தட்டுவார், கண்ணை உருட்டுவார், குழம்பை வாயில் வைத்துவிட்டு என்னைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். உப்பு கம்மி என்று ஒரு வார்த்தை இல்லாமலே விளங்கியது. தபால்காரருக்கு அப்போதுதான் ஓய்வு கிடைத்தது.

தையல் பிரித்த பிறகு பேச்சு கனத்துத்தான் வந்தது. நாக்கு மரக்கட்டை மாதிரி இருக்கிறது என்று பயந்தார். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே இல்லாத மீனை ஏலம் விட்டுப் பழகுவார். நான் வெளியே நின்று கேட்பேன். முதலில் தட்டுத் தடுமாறியது. பிறகு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வேகம் கூடியது. ஆனாலும் குளியலறை வேறு, கூடம் வேறு. அங்கே ஒரு வார்த்தை சறுக்கினால் போதும், பின்வரிசைக்காரன் விட மாட்டான். அண்ணிக்கு அந்தப் பயம் போகவில்லை. எனக்கும்தான்.

அண்ணி கூடத்துக்குத் திரும்பிப் போன அன்று நானும் என் வீட்டுக்காரரும் கூடவே போனோம். காலை வெயில் ஈரத் தரையில் அடித்தது, படகுகள் வந்து சேர்ந்திருந்தன. அண்ணி தன் பழைய மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றதும் கூடம் அமைதியானது. கேலி செய்த அந்தப் பின்வரிசைக்காரனும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முதல் கூடைக்கு மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஒவ்வொரு எண்ணையும் காலால் தட்டிப் பார்த்து வைப்பதுபோல் சொன்னார். இரண்டாவது கூடைக்குக் கொஞ்சம் சூடு பிடித்தது. மூன்றாவதில் எடை, தரம், விலை, அடுத்த விலை எல்லாம் ஒரே மூச்சில் சரசரவென்று கொட்டியது. பழைய குரல். ஓர் எழுத்து பிசகவில்லை. மோட்டார் சத்தத்துக்கும் ஐஸ் சத்தத்துக்கும் மேலே அது ஏறிக்கொண்டே போனது. பின்வரிசைக்காரன் முதல் ஆளாகக் கை தட்டினான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த நாக்கு இருக்கிறது, முழுசாக இருக்கிறது! கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு கண்ணாடி மங்கியது. அதைக் கழற்றித் துடைக்கலாம் என்று கையைத் தூக்கினேன்.

"ஒரு தரம்!" என்றது குரல், நேராக என்னைப் பார்த்து.

என் வீட்டுக்காரர் பதறிப்போய் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். இழுத்து என்ன பிரயோஜனம்? அண்ணியின் காலடியில் இருந்தது நண்டுக் கூடை.

"ரெண்டு தரம்!"

அதோடு அவர் நிறுத்தினார். இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் அவர் நிறுத்தி அந்தக் கூடம் கண்டதே இல்லை. எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"கண்ணைத் துடைக்கத்தான் தூக்கினேன்னா இப்பவே சொல்லிடு," என்றார் அண்ணி. "திருப்பி எடுத்துக்கறேன். அதுவும் தப்பில்லைன்னு நீதான் சொல்லிக் குடுத்தே."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டேன். பிறகு கையைத் தூக்கினேன், நெற்றிக்கும் மேலே, முழுசாக, கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் பார்க்கிற மாதிரி.

"மூணாவது தரம் சொல்லுங்க, அண்ணி."

"மூணு தரம்!" என்றார். படகில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க வீட்டு டாக்டருக்கு!"

கூடம் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கூடையின் ஒரு காதை நானும் மறு காதை என் வீட்டுக்காரரும் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தோம். நண்டு எப்படிச் சுத்தம் பண்ணுவது என்று எனக்குத் தெரியாதே என்றேன் அவரிடம், மெதுவாகத்தான்.

"அதுக்கும் நான்தான் வரணுமா?" என்று பின்னாலிருந்து கேட்டது, ஓர் எழுத்து பிசகாமல்.